அண்ணன் பாட்டில் என் திருத்தங்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினோரு தாள். இருமல் மருந்து, ரத்த அழுத்த மாத்திரை, குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் பொடி எழுத்துத் தாளை வாங்குகிறவர் யாரும் படிப்பதில்லை. நான் படிக்கிறேன். அச்சகத்தில் எனக்கு நாற்காலி போட்டிருப்பதே அதற்குத்தான். பக்க விளைவுகளில் 'உணர்வின்மை' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். இன்று நான்கு இடத்தில் வந்தது. நான்கிலும் பிழையில்லை.

அப்பா போய் ஆறு வாரம்.

சாயங்காலம் அண்ணன் போன் பண்ணினான். அப்பா முப்பது வருஷம் விளையாட்டு வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் புது உள்ளரங்கம் கட்டியிருக்கிறார்கள். அதற்கு அவர் பெயரை வைக்கிறார்களாம். இருபத்தொன்பதாம் தேதி திறப்பு.

"அம்மா ஒரு பாட்டு எழுதச் சொன்னாங்க பாப்பா. எழுதிட்டேன். நீதான் எழுத்துக்கே டாக்டராச்சே, பாத்து சொல்லு. மனசுல பட்டதச் சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவன் ஏசி மெக்கானிக். பாட்டு எழுதுவது கூடவே ஓடும் பைத்தியம். பிறந்தநாள், கடைத் திறப்பு, யாராவது வேலையிலிருந்து ஓய்வு பெறுவது—கேட்டாலும் எழுதுவான், கேட்காவிட்டாலும் எழுதுவான். என்னிடம் மட்டும் காட்டியதில்லை. இதுதான் முதல் தடவை.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? வேண்டாம் என்று சொல்லவும் ஒரு காரணம் வேண்டுமே.

மார்ச் 6, வியாழன்

பாட்டு வந்தது. அவனே மெட்டுப் போட்டு, போனில் பாடியும் அனுப்பியிருக்கிறான்.

வானம் நீயே அப்பா
வாசம் நீயே அப்பா
வையம் போற்றும் தெய்வம் நீயே அப்பா
கையைப் பிடித்து நடத்திச் சென்றாய் அப்பா

நாலு வரியில் நாலு அப்பா. வீட்டில் நாலு பேர் இருந்தபோது ஒரு அப்பாவே தாராளமாக இருந்தார்.

சிவப்புப் பேனாவை எடுத்தால் கை தானாக ஓடுகிறது. எழுதி அனுப்பினேன். மெட்டு நன்றாக இருக்கிறது, மூன்றாம் வரியில் இறங்கி வரும் இடம் அழகு. வானம், வாசம், வையம் என்று மோனைக்காகக் கோத்திருக்கிறாய். ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. இதை யாருடைய அப்பாவுக்கும் பாடலாம். நம் அப்பாவிடம் மட்டும் இருந்ததை எழுது. 'தெய்வம்' என்ற சொல்லில் போய் நிற்கிறாய். 'ம்'மை இழுத்தால் வண்டு மாதிரி கேட்கிறது. இழுக்கிற இடத்தில் நெடில் வை.

பதில் உடனே வந்தது: "சரி டாக்டர்."

மூன்று மணி நேரம் கழித்து இன்னொன்று: "வண்டு மாதிரியா இருக்கு?"

மார்ச் 11, செவ்வாய்

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் 'கொடுக்கக் கூடாது' என்பது 'கொடுக்கக் கூடும்' என்று இருந்திருக்கிறது. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள். எதிர் மேஜைப் பெண் கண்டுபிடித்தாள், மெஷினுக்குப் போகும் முன்பே. மேனேஜர் திட்டவில்லை. "அப்பா போன வீடு. நாலு நாள் லீவு போட்டுக்கோங்கம்மா" என்றார். பாவம், நான் துக்கத்தில் இருப்பதாக நினைக்கிறார்.

வேண்டாம் சார் என்றேன். லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

மார்ச் 15, சனி

இரண்டாவது வடிவம்.

வெள்ளைச் சட்டை மடிப்பு கலையாது
விசில் சத்தம் தெருவே கேட்கும்
ஓடு ஓடு என்ற குரலோ
ஓய்ந்த பின்னும் ஓடுகின்றோம்

இரண்டு தடவை படித்தேன். நன்றாக இருந்தது. உண்மையாகவே. 'ஓய்ந்த பின்னும் ஓடுகின்றோம்'—இதை என் அண்ணன் எழுதினானா? குளிர்பதன வாயுவின் வாசனையோடு திரிகிற ஆசாமி!

ஆனால் சரணத்தில் அந்தக் கையைப் பிடித்து நடத்திச் சென்ற வரி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அழித்தேன். 'தெளிவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலேயே போன்.

"என்ன தெளிவில்ல? கையப் புடிச்சு நடத்துனாரு. அவ்ளோதான."

"எப்ப?"

"எப்பன்னா?"

"அண்ணா, அவரு எப்ப உன் கையப் புடிச்சாரு?"

பின்னால் அம்மா யாரிடமோ பேசுகிற சத்தம். கதவைச் சாத்தினான் போல, அது நின்றது.

"பாட்டுன்னா அப்படித்தான் எழுதுவாங்க பாப்பா. அம்மா கேக்கணும்ல. முன் வரிசைல உக்காந்து கேக்கப் போறாங்க."

"அப்ப வச்சுக்கோ. சந்தம் இடிக்கல."

"சந்தம் இடிக்கலல்ல? அது போதும்."

அவனுக்கு இடது காது கேட்காது. பதினாறு வயதிலிருந்து. அப்பாவின் கை அவன்மேல் பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. சந்தம் இடிக்கவில்லை என்று நான் சொன்னேன்.

மார்ச் 23, ஞாயிறு

துணி துவைத்தேன். மின்விசிறி துடைத்தேன்.

மார்ச் 29, சனி

திறப்பு முடிந்தது. புது அரங்கத்தில் பெயின்ட் வாடை. மேடையில் அப்பாவின் பெரிய படம், கழுத்தில் விசில். அழைப்பிதழில் 'உள்ளரங்க' என்பதற்கு ஒரு 'ள்' குறைந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் நன்றாகப் பாடினான். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களுக்கு அவர் வேறு ஆள். ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டிப் போவார், காலில் சுளுக்கு என்றால் தானே தைலம் தேய்ப்பார். பொய் இல்லை, நானே பார்த்திருக்கிறேன். என்னையும் அவர் ஒரு நாளும் அடித்ததில்லை.

யாரோ ஒரு பெண்மணி கேட்டார்: "பையன் ஏன் தலைய ஒரு பக்கமா சாச்சுக்கிட்டுப் பாடுறாரு?"

"சின்ன வயசுல பந்து பட்டுடுச்சு" என்றாள் அம்மா. காது போன அன்று டாக்டரிடம் சொன்ன அதே வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை.

எல்லோரும் அழுதார்கள். நான் நாற்காலிகளை அடுக்க உதவி செய்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணனிடமிருந்து இன்னொரு பாட்டு. கூடவே ஒரு குறிப்பு: 'அன்னைக்குப் பாடிட்டு வந்ததுல இருந்து தூக்கமில்ல. இது அம்மாவுக்குத் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. நீ எப்ப கையப் புடிச்சாருன்னு கேட்டல்ல, அதனால வந்தது. எது ஒட்டலையோ சொல்லு.'

இடது பக்கம் பேசாதே தோழா
அங்கே என் அப்பா இருக்கிறார்
பதினாறு வயதில் ஒரு மாலை
பாட்டு நோட்டைக் கிழித்த ஓசை
அந்தக் காது கேட்ட கடைசி

அப்புறம் முதல் சரணம்:

கதவோரம் தங்கை நின்றாள்
கண்ணைப் பொத்தி அழுது நின்றாள்
காட்டிக் கொடுத்தவன் என் நண்பன்
கைகோத்துப் பாடித் திரிந்தவன்

இரண்டாவது சரணம் நீளமாக ஓடியது. படித்து முடித்துப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். இப்படி: பல்லவி மிக நன்றாக இருக்கிறது, ஒரு எழுத்தைத் தொடாதே. முதல் சரணத்தில் 'நின்றாள்' இரண்டு தடவை வருகிறது, ஒன்றை மாற்று. 'கைகோத்து' சரிதான், 'கைகோர்த்து' என்று மாற்றிவிடாதே.

எல்லாம் சரியான திருத்தம். எல்லாம் எழுத்துத் திருத்தம்.

கோழை.

ஏப்ரல் 9, புதன்

பதில்: 'சூப்பர் டாக்டர். ரெண்டாவது நின்றாளை எடுத்துட்டேன்.' அப்போ முதல் 'நின்றாள்' இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

போன். குரலில் ஒரு துள்ளல்.

"இருவத்தேழாம் தேதி எங்க பேட்ச் ஒண்ணு கூடுது. அப்பா பேர்ல ஹால் தெறந்ததுல எல்லாருக்கும் பழைய ஞாபகம் வந்துருச்சு. கிட்டாரும் வர்றானாம்."

கிட்டார் என்பது பாட்டில் வரும் அந்த நண்பன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் முதுகில் கிட்டார்.

"அவன் மூஞ்சிக்கு நேரா பாடப் போறேன் பாப்பா. பேரு போட மாட்டேன். அவனுக்குப் புரியும். இருவத்தாறு வருஷம் ஆச்சு, ஒரு வார்த்த பேசல நான். ஒரு வார்த்த. இந்தப் பாட்ட முடிச்சுட்டா நிம்மதியாத் தூங்குவேன்."

"அவன்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நோட்டு எங்க இருக்குன்னு எனக்கும் அவனுக்கும்தான தெரியும்."

ம் என்றேன். வேற என்ன சொல்றது. ம். நெடில்கூட இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுதிப் பார்க்கிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன் ஓட்டப் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு கிட்டார் வீட்டு மாடி அறைக்குப் போவான். இரண்டு பேரும் ஏதோ போட்டிக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். நீல அட்டை நோட்டு, மெத்தைக்கு அடியில். அவன் இல்லாதபோது எடுத்துப் படிப்பேன். எல்லோருக்கும் பாட்டு இருந்தது அதில். அம்மாவுக்கு, கிட்டாருக்கு, எதிர்வீட்டு நாய்க்கு, பக்கத்து வகுப்பில் ஒருத்திக்கு மூன்று. எனக்கு இல்லை. கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். நாய்க்குக்கூட ரெண்டு சரணம்.

அன்று சாயங்காலம் அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "எங்க அவன்? மைதானத்துல காணோமே." தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது—நாலே எழுத்து. கிட்டார் வீட்டில் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அவர் கேட்கவே இல்லை, நானேதான் சொன்னேன்—பாட்டு எழுதுறாங்கப்பா, நோட்டு மெத்தைக்கு அடியில இருக்கு. நானே எடுத்தும் கொடுத்தேன்.

அவர் என் தலையில் தட்டிக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுத வேண்டும். அண்ணன் வந்து செருப்பைக் கழற்றும் வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மறுநாளிலிருந்து அவன் கிட்டாரோடு பேசவில்லை. கிட்டார் மூன்று நாள் எங்கள் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாலாவது நாள் வரவில்லை.

பாட்டில் நான் அழுது நிற்கிறேன். அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பாட்டை அச்சகப் பிரின்டரில் ஒரு தாள் எடுத்தேன், பெரிய எழுத்தில். வழக்கமாகத் தாள் பார்ப்பது போல் மேஜையில் விரித்தேன். முதல் சரணத்தில் முதல் வரி. 'கதவோரம்'—அடித்தேன், மேலே 'அப்பாவிடம்'. 'நின்றாள்'—அடித்தேன், மேலே 'சொன்னாள்'. வாய்க்குள் பாடிப் பார்த்தேன்.

அப்பாவிடம் தங்கை சொன்னாள்.

மெட்டில் அப்படியே உட்காருகிறது. ஒரு மாத்திரை கூடவில்லை, குறையவில்லை. இடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மற்ற மூன்று வரிகளையும் முழுதாக அடித்து, ஓரத்தில் 'நடக்கவில்லை' என்று எழுதினேன்.

ஏப்ரல் 19, சனி

அரை நாள் வேலை முடிந்து அண்ணனின் பட்டறைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து, ஏசியின் வெளிப்பெட்டியைப் பிரித்துப் போட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். வலது பக்கமாகப் போய் நின்றேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"வா டாக்டர். என்ன நேர்லயே வந்துட்ட?"

தாளை நீட்டினேன். ஈரக் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு வாங்கினான். சிவப்பைப் பார்த்ததும் சிரித்தான். "இவ்ளோ தப்பா?" பிறகு முதல் வரியை முனகிப் பார்த்தான். மெட்டோடு. இன்னொரு தடவை.

"சொன்னாள் நல்லாருக்கு. நின்றாளவிட நல்லா விழுது. ஆனா அர்த்தம் மாறிடுதே பாப்பா."

"அர்த்தத்துக்காகத்தான் மாத்தினேன்."

"புரியல."

"கிட்டார் சொல்லல. நான் சொன்னேன். நோட்ட எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

தண்ணீர்க் குழாய் தரையில் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் அதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.

"அவரு மெரட்டினாரா?"

"இல்ல."

"பின்ன ஏன்?"

"அதுல எனக்கு ஒரு பாட்டுகூட இல்ல."

பதினாறு வயதுப் பையனைப் போல் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். ஓங்கினால் ஓங்கட்டும் என்றுகூட நினைத்தேன். அவன் தாளை நாலாக மடித்து, சட்டைப் பை எங்கே என்று தேடி, பனியனில் பை இல்லை என்று கண்டுபிடித்து, ஸ்டூல் மேல் வைத்தான்.

"நெஜமா?"

"ம்."

"அவன் மூணு நாள் நின்னான் பாப்பா. கேட்ல."

"பாத்தேன்."

"பாத்தியா?"

அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை. குழாயை எடுத்தான், பெட்டிக்குள் அடிக்க ஆரம்பித்தான். "நீ போ" என்றான். கத்தவில்லை. வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி—நாளைக்கு வாங்க, ரெடியாயிடும்—அந்த மாதிரி.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. இனி வலிக்கும் என்று காத்திருந்தேன். என் நிறுத்தம் வந்துவிட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

அண்ணி போன். "உங்களுக்குள்ள என்ன? நாலு நாளா மனுசன் வாயத் தொறக்கல. சாப்பிட்டீங்களான்னா தலைய ஆட்டுறாரு. உன் பேரச் சொன்னா எந்திரிச்சுப் போயிடுறாரு."

ஒரு பாட்டில் தகராறு அண்ணி என்றேன்.

"அடப் பாட்டுக்கா இந்தக் கூத்து!"

அண்ணி நல்லவள். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

அண்ணிதான் சொன்னாள். நேற்றைய கூட்டத்துக்கு அவளும் போயிருக்கிறாள். அண்ணன் பாடவில்லையாம். எல்லோரும் கேட்டும் தொண்டை சரியில்லை என்றானாம். சாப்பாட்டுக்கு முன் காணாமல் போய்விட்டான். தேடிப் போனால் வண்டி நிறுத்தும் இடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே, ஒரு வழுக்கைத் தலைக்காரரோடு நின்றுகொண்டிருந்தானாம். "ரெண்டு மணி நேரம்டி! சாப்பாடே முடிஞ்சுபோச்சு. அந்த ஆளு பாட்டுக்கு அழுவுறாரு, இவரு பாட்டுக்கு கார் கண்ணாடியத் தொடைக்கிறாரு. யாரு கார்னே தெரியல."

கேட்டுக்கொண்டேன். நெஞ்சுக்குள் ஏதோ புரண்டு படுத்த மாதிரி இருந்தது. எழுந்திருக்கவில்லை. புரண்டு படுத்தது, அவ்வளவுதான்.

மே 6, செவ்வாய்

மதிய இடைவேளையில் போன். திரையில் அண்ணன் பெயர். எடுக்கும் முன் கையைப் புடவையில் துடைத்தேன், எதற்கென்று தெரியாமல்.

"கிட்டார் பாட்டப் பாத்தான்." எடுத்த எடுப்பில் அதுதான். 'எப்படி இருக்கே' கிடையாது. "ரெண்டாவது சரணம் ரொம்ப நீளமாம். நீ என்ன சொல்ற?"

"எனக்கும் அப்படித்தான் பட்டுது."

"அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

எங்கோ ஒரு கம்ப்ரசர் ஓடி நின்றது.

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லியிருக்கலாம் பாப்பா." இருமிக் குரலைச் சரி பண்ணிக்கொண்டான். "உம்மேல கோவம் போகல. அதையும் சொல்லிடுறேன். போகுமான்னும் தெரியல. ஞாயித்துக்கிழம பட்டறைக்கு வா. அவன் வர்றான்."

வைத்துவிட்டான். இடைவேளை முடிந்து இருபது நிமிஷம் ஆகியும் நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

மே 11, ஞாயிறு

பத்து மணிக்குப் போனேன். ஷட்டரைத் தூக்கியது கிட்டார். வழுக்கை, கண்ணாடி, கொஞ்சம் தொப்பை. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம். 'அண்ணா' என்று கூப்பிட வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார் பண்ணிப் போயிருந்தேன். பஸ்ஸில் மூன்று தடவை திருத்தியது. அதுவும் வரவில்லை. என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஜன்னலில் பார்த்த சின்னப் பெண்ணைத் தேடினாரோ என்னவோ.

"உள்ள வாம்மா" என்றார். "உங்கண்ணன் பாட்டுல உன்ன ஒரேயடியா வில்லி ஆக்கி வச்சிருக்கான். பன்னெண்டு வயசுப் புள்ள, அந்த 'தங்கை சொன்னாள்' வரிய எடுத்துடுடான்னு சொல்லிட்டிருக்கேன். கேக்க மாட்டேங்கிறான்."

அண்ணன் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். மடியில் தாள். நிமிரவில்லை. ஆனால் பேனா நின்றிருந்தது, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

"எடுக்க வேணாம்" என்றேன். "சரியா உக்காந்திருக்கு." கடைசிச் சொல் பாதிதான் வந்தது. கிட்டார் எனக்கு நாற்காலி போட்டார்.

மூன்று மணி வரை உட்கார்ந்தோம். கிட்டார் தன் கிட்டாரை மெதுவாக வாசிக்க, அண்ணன் பாட, நான் தாளில் குறித்தேன். இரண்டாவது சரணத்தில் ஆறு வரி வெட்டினோம். பல்லவியில் ஒன்றும் தொடவில்லை. 'தோழா' என்று இழுக்கும் இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பாடினால் நன்றாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். பாடிப் பார்த்தார்கள்.

அந்த வரி இருக்கிறது.